தூக்கமா, சோர்வா? நரம்பியல் நோயாளிகளுக்கு டாக்டர்கள் அளந்து பார்ப்பது எப்படி?

"எப்பப் பார்த்தாலும் டயர்டா இருக்கு டாக்டர்." பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பியல் நோய் உள்ளவர்கள் அடிக்கடி சொல்வது இது. வீட்டில் பல நேரம் இதற்குக் கிடைக்கும் பெயர், 'சோம்பேறித்தனம்'. ஆனால், 'டயர்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பிரச்னைகள் இருக்கலாம்.

என்ன வித்தியாசம்?

டிவி பார்த்தபடியே கண் சொக்கிப்போகிறது என்றால், அது பகல்நேரத் தூக்கம். படுத்தாலும் தூக்கம் வரவில்லை, ஆனால் குளித்துவிட்டு வந்தாலே உடம்பு ஓய்ந்துபோகிறது என்றால், அது சோர்வு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தூக்கத்தை அளப்பது எப்படி?

பரவலாகப் பயன்படுவது எப்வொர்த் அளவுகோல். மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்டது. படிக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என 8 சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

தான் தூங்கியதே சிலருக்குத் தெரியாது. அதனால் வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்பது நல்லது. நார்கோலெப்சி சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கூடத்தில், பகலில் 2 மணி நேர இடைவெளியில் 4 அல்லது 5 முறை படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று மூளை அலைகளை வைத்துப் பார்ப்பார்கள். சராசரி 8 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால், அது முக்கியமான அறிகுறி.

சோர்வுக்கு?

சோர்வை நேரடியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேள்வித்தாள்தான் வழி. 1989-ல் வெளியான சோர்வுத் தீவிர அளவுகோலில் 9 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால், சோர்வு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

சிகிச்சை வேறு வேறு. பகல்நேரத் தூக்கம் என்றால் இரவில் மூச்சுத்திணறல் இருக்கிறதா, மருந்து காரணமா என்று பார்க்க வேண்டும். பார்க்கின்சனுக்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரை முன்னறிவிப்பே இல்லாமல் தூங்கவைத்துவிடும். வண்டி ஓட்டுபவருக்கு இது உயிர் ஆபத்து. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. சோர்வு என்றால் ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வேலைகளைப் பிரித்துச் செய்வதும், அளவான உடற்பயிற்சியும் உதவும்.

இந்த மார்க் மட்டுமே நோயைச் சொல்லிவிடாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் முன், ஒரு வாரம் மொபைலில் குறித்து வையுங்கள்: இன்று கண் சொக்கியதா, உடம்பு ஓய்ந்ததா? 'டயர்டா இருக்கு' என்பதைவிட அந்தக் குறிப்பு டாக்டருக்கு அதிகம் சொல்லும்.