ஆங்கிலமும் இங்கிதமும்

இங்கிலாந்திலுள்ள ஒரு சர்வகலாசாலைக்கு விண்ணப்பம் அனுப்பிய நம் இளைஞன் ஒருவன், ‘உங்கள் பதிலை உடனே அனுப்புங்கள்’ என்று மனத்தில் நினைத்து, ‘ஸெண்ட் யுவர் ரிப்ளை இமீடியட்லி’ என்று எழுதுகிறான். இலக்கணக் குற்றம் யாதுமில்லை. ஆயினும் பெறுபவருக்கு அது கடன்பட்டவனுக்கு வக்கீல் அனுப்பிய நோட்டீஸைப் போலத் தோன்றும்.

பிழை எங்கே? ‘அனுப்புங்கள்’ என்பதன் விகுதியிலேயே நம் மரியாதை அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்திலோ நீ, நீங்கள் என்ற பேதம் இன்று வழக்கில் இல்லை. ஆகவே மொழிபெயர்க்கும்போது மரியாதை உதிர்ந்து, ஏவல் மட்டும் மிஞ்சுகிறது. ‘ப்ளீஸ்’ ஒன்றை ஒட்டினாலும் ஏவல் ஏவலே. நாம் விகுதியால் செய்வதை ஆங்கிலேயர் வாக்கியத்தின் வளைவால் செய்கிறார்கள். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று, இப்பொழுது வேண்டுவதை இறந்த காலத்தில் வைத்துத் தொடங்குவார்கள். கேட்பதைச் சற்று எட்ட நிறுத்தி, மறுப்பதற்கும் வழி விடும் உபாயம் இது. இதை எடுத்துரைக்கும் உபாத்தியாயர் எத்தனை பேர்?

மரியாதை மொழியைப் பற்றி பிரவுன், லெவின்சன் என்னும் இரு அறிஞர் 1978-ல் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சிக்கு, ஆங்கிலத்தோடு கோயமுத்தூர் ஜில்லாக் கிராமத்துத் தமிழும் ஆதாரமாயிற்று. அவர்களுக்குப் பயன்பட்ட தமிழ் நம் வகுப்பறைக்குப் பயன்படவில்லை!

நாம் பட்டறிந்த ஒன்றைச் சொல்வோம். வக்கீல் தொழிலில் இறங்கிய புதிதில், நமது வாதத்தின் நடுவே நீதிபதி, ‘இந்த விஷயத்தை வற்புறுத்துகிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் வெகு சாந்தமாக வினவினார். ஆவலோடு கேட்கிறார் என்று மகிழ்ந்து, மேலும் அரைமணி நேரம் வற்புறுத்தினோம். ‘அதை விட்டுவிடும்’ என்பதே அவ்வினாவின் பொருளென்று முதிய வக்கீலொருவர் பின்னர் விளக்கினார். கட்சிக்காரர் தோற்றார். நியாயஸ்தலத்தில் ‘வித் ரெஸ்பெக்ட்’ என்றால் தாங்கள் சொல்வது தவறு என்று அர்த்தம். ‘வித் கிரேட் ரெஸ்பெக்ட்’ என்றால் பெருந்தவறு.

இனி, கடுஞ்சொல்லை மறைக்கும் மென்சொல். இது நமக்குப் புதிதன்று. இடக்கரடக்கல், மங்கலம் என்று நன்னூலார் வகுத்தே வைத்திருக்கிறார். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது போலவே ஆங்கிலத்தில் ‘பாஸ்ட் அவே’. ‘கிக்ட் த பக்கெட்’ என்பதற்கும் மரணமே பொருள். ஆனால் அனுதாபக் கடிதத்தில் அதை எழுதியவன் நட்பை இழப்பான்.

துயருற்றவரின் மனம் நோகாதிருக்கச் சொல்லும் மென்சொல் வேறு. துயர் செய்தவன் தன் செயலை மூடச் சொல்லும் மென்சொல் வேறு. பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய கட்டுரையில், கிராமங்களின்மீது குண்டு வீசுவதற்கு ‘பஸிஃபிகேஷன்’, அதாவது சாந்தப்படுத்துதல், என்று பெயரிட்டதை அம்பலப்படுத்தினார். 1991-ஆம் வருஷத்து வளைகுடா யுத்தத்தில் அமெரிக்கப் படைத்தலைவர்கள் குடிமக்களின் சாவை ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்றார்கள். முதல்வகையை மாணவன் வழங்கப் பழக வேண்டும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கப் பழகினால் போதும்.

உபாத்தியாயர்கள் வாரம் ஒரு நாள் ஆங்கிலப் பத்திரிகையொன்றை வகுப்பிற்குக் கொண்டுவரட்டும். இத்தகைய சொல் ஒன்றை எடுத்து, வீட்டிலுள்ள பாட்டிக்கு விளங்கும் தமிழில் பெயர்க்கச் சொல்லட்டும். ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்பதைப் பெயர்க்கப் புகும் மாணவன், எத்தனை பேர் மாண்டார்கள் என்று முதலில் கேட்டாக வேண்டும்.