கம்ப்யூட்டர் அறைக்கு அலுமினியக் குடை

கோடை வந்துவிட்டால் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது, தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது என்று பலரும் புலம்புவார்கள். உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிடுவோம். அண்ணாந்து கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் மல்லசமுத்திரம் பகுதியில் விசைத்தறிக் கூடங்களுக்கும் பல வீட்டு மாடியறைகளுக்கும் சிமெண்ட் ஷீட்தான் கூரை. என் கம்ப்யூட்டர் இருப்பதும் அப்படி ஓர் அறையில்தான். மதியம் ஃபேன் போட்டால் அனல் வீசும். கம்ப்யூட்டரை விடுங்கள், அங்கே உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பாடுதான் பெரும்பாடு.

இதற்காக ஷீட்டுக்கு அடியில் அலுமினிய ஃபாயில் பொருத்துகிறார்கள். இவ்வளவு மெல்லிய தாள் வெயிலை எப்படித் தடுக்கும் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. சூடான காற்று மேலேயே நிற்கும், கீழே இறங்காது. எனவே கூரையிலிருந்து நம்மீது இறங்கும் வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. பளபளப்பான அலுமினியம் இக்கதிர்களில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தான் சூடேறினாலும் மிகக் குறைவாகவே கதிர்களை வெளியிடும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. உங்கள் சிபியுவைத் திறந்து பாருங்கள். பிராசசரின் மேல் உள்ள ஹீட் சிங்க்கும் பெரும்பாலும் அலுமினியம்தான்! அங்கே அது வெப்பத்தைக் கடத்துகிறது, இங்கே தடுக்கிறது. வித்தியாசம் நடுவில் உள்ள காற்றில் இருக்கிறது. பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே துளி காற்றும் இருக்கக்கூடாது என்று பேஸ்ட் தடவுகிறோம். கூரையிலோ காற்று இடைவெளி கட்டாயம் வேண்டும். ஃபாயிலை ஷீட்டோடு ஒட்டிவிட்டால் மேல்பக்கப் பளபளப்புக்கு வேலையே இல்லை. கான்கிரீட்டுக்குள் புதைத்தால் முழுவதும் வீண் செலவு. ஓர் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். மேல்பக்கம் நாளடைவில் தூசி படிந்து மங்கிவிடும், கீழ்ப்பக்கத்தில் தூசி அவ்வளவாகத் தங்காது. எனவே இருபக்கமும் பளபளப்பான ஃபாயிலாகக் கேட்டு வாங்குங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதைத் துளைக்கவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. கூரையைத் தாங்கும் சட்டத்தில் கட்டிக்கொள்ளலாம்.

அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும் என்பதை மறக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவில் 2009-10ல் அரசு உதவியுடன் வீட்டுக் கூரைகளில் வெப்பத்தடுப்பு பொருத்தும் திட்டம் நடந்தபோது நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் ஃபாயில் பொருத்தும்போது மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். கூரையை ஒட்டி ஒயர் ஓடும் வீடுகளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இரும்பு ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். ஒயரைத் துளைத்துவிட்டால் ஃபாயில் முழுவதும் மின்சாரம் பாயும்.

இன்னொரு விஷயம். ஃபாயில் வை-ஃபை சிக்னலையும் திருப்பி அனுப்பிவிடும். மோடம் வேறு தளத்தில் இருந்தால், ஃபாயில் அடிக்கும் முன்பே லேன் கேபிள் ஒன்றை அறைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.