கணினி உருவங்களில் ஆடையும் தையலும்: யதார்த்தம் பற்றிய ஒரு நோக்கு

யதார்த்தவாதத்தையும் இயற்பண்புவாதத்தையும் வேறுபடுத்திக் காணும் முயற்சி ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் 1960களிலிருந்தே நடைபெற்று வந்துள்ளது. பெரும்பாலும் நாவல், சிறுகதை ஆகியவற்றைச் சார்ந்தே அவ்விவாதம் அமைந்தது. எனினும் அவ்வேறுபாட்டின் பயன் இலக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை. கணினியில் முப்பரிமாண உருவங்களை அமைக்கும் துறையிலே, அவ்வுருவங்களின் ஆடைகளுக்குத் தையலும் மூட்டும் இடுவது ஒரு சிறு வேலை. அச்சிறு வேலையிலும் அதே வினா எழுகின்றது. அவ்வேலை நடைபெறும் முறையை விளக்கி, அதனூடாக அவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரு துணித்துண்டுகள் இணையும் இடத்தை மூட்டு என்றும், அவற்றை இணைக்கும் நூலின் ஓட்டத்தைத் தையல் என்றும் இங்கு குறிப்பிடுவோம்.

கணினி உருவம் என்பது சிறு சிறு தட்டையான முகங்களால் ஆன ஓர் ஓடு. அதற்குத் துணியின் தடிப்போ நூலின் இழையோ இல்லை. வளைந்த மேற்பரப்பொன்றின்மீது படமொன்றைப் போர்த்தும் முறையை 1974இல் யூற்றா பல்கலைக்கழகத்தில் எட்வின் கற்மல் தமது ஆய்வில் வகுத்துக் காட்டினார். சிக்கலான உருவத்துக்கு இம்முறையைக் கையாள வேண்டுமாயின், அதன் மேற்பரப்பைச் சில கோடுகளிலே வெட்டித் தட்டையாகப் பரப்புதல் அவசியமாகின்றது. அவ்வெட்டுக்கோட்டுக்கும் தையற்காரரின் மூட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லே வழங்குகின்றது. ஆனால் முன்னையது கண்ணுக்குப் புலப்படாது மறைக்கப்பட வேண்டியது. பின்னையது புலப்பட வேண்டியது. ஆகவே தேர்ந்த கலைஞர் தமது வெட்டுக்கோடுகளைத் தையற்காரர் துணியை இணைக்கும் இடங்களிலேயே, அதாவது சட்டையின் பக்கவாட்டிலும் கையின் அடிப்புறத்திலும் காற்சட்டையின் உட்காலிலும், அமைக்கின்றார். கோடிட்ட சட்டையொன்றில் அவ்விடங்களிற் கோடுகள் முறிவது உண்மையான ஆடையிலும் இயல்பேயாதலால், பார்ப்பவர் அதனைக் குறையாகக் கொள்வதில்லை.

அடுத்துத் தையலின் மேடுபள்ளங்களை நோக்குவோம். 1978இல் ஜேம்ஸ் பிளின் என்பார், மேற்பரப்பை மாற்றாமலே அதன்மீது ஒளி விழும் கணிப்பை மட்டும் மாற்றிச் சுருக்கங்களைத் தோற்றுவிக்கும் வழியைக் காட்டினார். இன்றும் பெரும்பாலான தையல்கள் இவ்வழியின் வளர்ச்சியினாலேயே காட்டப்படுகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது இது போதுமானது. எனினும் உருவத்தின் விளிம்பை நோக்குமிடத்து அது வழுவழுப்பாகவே இருத்தலைக் காணலாம். எனவே அண்மைக் காட்சிகளுக்கு, மேற்பரப்பையே உண்மையில் உயர்த்தித் தாழ்த்துவர். அல்லது ஒவ்வொரு தையலையும் தனி உருவமாக ஆக்கி ஒரு வளைகோட்டின் வழியே அடுக்குவர்.

இம்முறைகள் யாவும் கைவந்த பின்னரும் ஆடை பொய்யாகத் தோன்றுவதுண்டு. இதற்கான காரணத்தைத் துணியிலேயே தேடுதல் வேண்டும். சாதாரண தையல் இயந்திரத்தில் மேல்நூலும் பொபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆதலால் மேலே தெரியும் ஒவ்வொரு தையலும் சிறு கோடாக எழுந்து, இரு முனைகளிலும் ஊசித்துளையினுள் அமிழ்கின்றது. அதனை மணிமாலைபோலத் துணியின்மேல் மிதக்கவிடுதல் தவறாகும். நூல் துணியை இழுப்பதனால் மூட்டின் இருமருங்கும் மெல்லிய சுருக்கங்கள் உண்டாகின்றன. மூட்டிலே துணி பல மடிப்புக்களாக இருப்பதனால் அது தடித்து நிற்கும். டெனிம் காற்சட்டையை நீண்டநாள் அணிந்து துவைக்கும்போது மேடுகள் தேய்ந்து வெளிறுவதும் பள்ளங்கள் நீலமாகவே எஞ்சுவதும் இதனாலேயே. டெனிமில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 தையல்கள் காணப்படும். நல்ல மேற்சட்டையில் அது 14க்கும் மேற்படலாம்.

இவற்றையெல்லாம் புகைப்படம் பார்த்து நுணுக்கமாகப் பிரதிசெய்துவிடலாம். ஆனால் துணி இணையாத இடத்திலே தையற்கோடு ஓடுமாயின், அந்நுணுக்கம் பயனற்றதாகிவிடும். இன்றைய மென்பொருள்கள் எந்தக் கோட்டின்மீதும் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான தையல்களை இட்டுவிடுவதால் இத்தவறு சாதாரணமாக நிகழ்கின்றது. ஜோர்ஜ் லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையொன்றில் ஸோலாவின் குதிரைப் பந்தயத்தையும் டால்ஸ்டாயின் குதிரைப் பந்தயத்தையும் ஒப்பிட்டமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. முன்னையதில் விவரங்கள் நிறைந்துள்ளன. பின்னையதில் அவ்விவரங்கள் மாந்தரின் வாழ்வோடு பிணைந்துள்ளன. தையலைப் பொறுத்தவரை, தோற்றத்தை அதன் ஆக்கமுறையோடு பிணைத்துக் காண்பதையே யதார்த்தம் எனல் பொருந்தும்.

இத்திசையில் ஒரு முன்னேற்றமும் ஏற்பட்டுள்ளது. துணியின் அசைவைக் கணிக்கும் முறைகள் 1980களிலிருந்து வளர்ந்து, 1998இல் பாரஃப், விற்கின் ஆகியோரின் ஆய்வினால் விரைவு பெற்றன. தென்கொரியாவில் உருவான மார்வலஸ் டிசைனர் போன்ற மென்பொருள்களில், தட்டையான துண்டுகளை வரைந்து, ஓரத்தை ஓரத்தோடு இணைத்து, உடல்மீது விழச்செய்கின்றனர். மூட்டு இங்கு ஆடையின் கட்டமைப்பிலிருந்தே பிறக்கின்றது. எனினும் எந்த ஓரம் முதலில் தைக்கப்பட வேண்டும், இயந்திரத்தின் பாதம் அவ்விடத்தை எட்டுமா என்பனவற்றை மென்பொருளில் ஓரங்களை இணைப்பவர் அறியாமலே வேலையை முடித்துவிடலாம். அவற்றை அறிந்தவர்கள் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களே.

எமது நாட்டுக்கு இது தொலைவான விடயமன்று. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டதன் பின்னர் ஆடை உற்பத்தி இலங்கையின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தது. அதன் உழைப்பாளரிற் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் கழுத்துப்பட்டியையும் வேறொருவர் கைகளையும் தைப்பதாக வேலை அங்கு துண்டாடப்பட்டுள்ளது. இன்று இங்குள்ள பெரிய நிறுவனங்கள் கணினியில் அமைத்த மாதிரி ஆடைகளையும் வெளிநாட்டுக் கொள்வனவாளருக்குக் காட்டுகின்றன. இதனால் துணியும் காலமும் மீதமாகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், திரையில் இடப்பட்ட தையல் அலங்காரமாக மட்டும் நின்றுவிடாமல், தைப்பவருக்கான கட்டளையாகவும் மாறிவிடுகின்றது. தைத்து முடிந்த ஒடுங்கிய கையின் உட்புறத்தில் இரட்டைத் தையலைக் கணினியில் எளிதாக இட்டுவிடலாம். அதனைத் துணியில் நிறைவேற்றும் சிரமம், மணிக்கு இத்தனை என இலக்கு விதிக்கப்பட்ட தொழிலாளியின்மீதே விழுகின்றது. முன்னர் மாதிரி ஆடையைத் தைத்த பெண் ‘இது இவ்வாறு வராது’ என்று சொல்லும் வாய்ப்பு இருந்தது. மாதிரி தைக்கும் கட்டம் குறையுந்தோறும் அவரது சொல்லுக்குரிய இடமும் குறைகின்றது.

ஆகவே கணினி உருவங்களுக்குத் தையல் அமைக்கப் பயில்வோர், மென்பொருளைத் திறப்பதற்கு முன்னர் பழைய சட்டையொன்றை மூட்டு மூட்டாகப் பிரித்துப் பார்த்தல் நன்று. நிறுவனங்களைப் பொறுத்தவரை, திரையில் உருவாகும் ஒவ்வொரு மாதிரியும் கொள்வனவாளரை அடையுமுன் தைக்கும் தொழிலாளரின் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அவர்களது அறிவுக்கு வடிவமைப்பில் இடமளிக்கப்படும்போது திரையிலுள்ள ஆடையும் உண்மைத்தன்மை பெறும். அதனைத் துணியில் ஆக்குபவரின் சுமையும் ஓரளவு குறையும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதே எமது கருத்தாகும்.