பிரசவத்துக்குப் பின் வரும் முதுகுவலி

பிள்ளை பெற்ற இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஒரு பெண் முதுகுவலியால் துடித்தால், திருநெல்வேலிப் பக்கம் உடனே காரணம் சொல்லிவிடுவார்கள்: “ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கள்லா, அதான்.” இல்லையென்றால் வாய்வு. தைலம் தேய்த்து, வெந்நீர் ஊற்றுவார்கள். பெரும்பாலான வலி அதோடு தீர்ந்தும் போகும். அபூர்வமாகச் சிலருக்கு அது முதுகெலும்பு நொறுங்கிய வலி. கர்ப்பகால எலும்புப்புரை என்பது இதுதான். பெரும்பாலும் தலைப்பிரசவத்தில், கடைசி மூன்று மாதங்களிலோ பாலூட்டத் தொடங்கிய சில மாதங்களிலோ வெளிப்படுகிறது.

பிறக்கும் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து போனது. கர்ப்பத்தில் தாயின் குடல் உணவிலிருந்து இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சி ஈடுகட்டும். பாலூட்டும்போது அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. பாலுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும்; எலும்பு கரைந்துதான் அதில் பெரும்பங்கைத் தருகிறது. ஆறு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 3 முதல் 10 விழுக்காடு வரை குறையலாம். பால் மறக்கடித்தபின் பெரும்பாலோருக்கு அது திரும்பிவிடும். அதனால் பாலூட்டவே அஞ்ச வேண்டியதில்லை. ஏற்கெனவே மெலிந்த எலும்போடு தாயாகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

அப்படிப்பட்டவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இருக்க எல்லாக் காரணமும் உண்டு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்கள் பகலெல்லாம் நிழலில், மடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தோலில் வெயில் படாமல் வைட்டமின் டி உருவாகாது. அது இல்லாமல் கால்சியம் சரியாக உடலில் சேராது. மூன்று வேளையும் நெல்லுச்சோறு. 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் கால்சியம்கூடத் தேறாது, கேழ்வரகில் 350-ஐத் தாண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 1000 வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் கொடுக்க 2014-இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது: 14-ஆம் வாரத்திலிருந்து தினம் இரண்டு கால்சியம் மாத்திரை, பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம். சாப்பிட்டபின் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாக ஒட்டாது. குழந்தை பிறந்ததும் மாத்திரையை மறந்துவிடுவதுதான் பெரிய தவறு, எலும்பு அதிகம் கரைவது அதற்குப் பிறகுதான்.

குழந்தையைத் தூக்கும்போது நடுமுதுகில் குத்துகிறதா? இருமினால் வலி கூடுகிறதா? உயரம் குறைந்தது போலிருக்கிறதா? முதுகை மிதிக்கவோ அழுத்தித் தேய்க்கவோ விடாதீர்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள எலும்பு மருத்துவரிடமோ போய்ப் படம் எடுத்துப் பாருங்கள். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ஹெப்பாரின் ஊசி எதையாவது நெடுநாள் எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.