மூன்று நாள் கடை விடுமுறை: துணைவியாருடன் கொச்சிக்குப் போய் வருவோம்

நம் கடையில் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கடை முதலாளிக்கு விடுமுறை கொடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. முதலாளியின் மனைவிக்கோ விடுமுறையும் இல்லை, சம்பளமும் இல்லை.

வணிகப் பெருமக்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் மண்டிக்குப் போயிருக்கும்போது கல்லாவில் உட்காருபவர் அவர். புளியைக் கொட்டை நீக்கிப் பொட்டலம் போடுபவரும், பற்று நோட்டில் யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்காமலே சொல்பவரும் அவர்தான். மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைக்கிறோம். அன்றும் நாம் மாநாட்டுக்குப் புறப்படுகிறோம். அவர் வீட்டில் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, துக்கம் தவிர வேறு எதற்காகவாவது இருவரும் சேர்ந்து கடைசியாக எப்போது வெளியூர் போனோம்? பதில் சொல்ல நம்மில் பலருக்குச் சற்று நேரம் ஆகும்.

வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாட்கள் சேர்ந்து வரும்போது ஒரு நகரத்துக்குப் போய் வரலாம். நம் தொழிலுக்கும் நெருக்கமான நகரம் ஒன்றைச் சொல்கிறோம்: கொச்சி.

கடையை எப்படி அடைப்பது?

"மூன்று நாள் அடைத்தால் வாடிக்கை போய்விடுமே" என்பதுதான் முதல் பயம். இது நியாயமான பயம். இன்று தெருமுனையில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. கைபேசியில் தட்டினால் வீட்டு வாசலில் சாமான் வருகிறது. ஆனால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போவது எடை குறையும்போது, கேட்ட சாமான் அடிக்கடி இல்லாதபோது, ஒரு கடுஞ்சொல் விழும்போது. சொல்லிவிட்டு எடுக்கும் விடுமுறைக்காக எவரும் போவதில்லை. சொல்லாமல் அடைப்பதுதான் ஆபத்து.

ஆகவே பத்து நாள் முன்பே கரும்பலகையில் எழுதி வைக்கவும். எந்தெந்த நாள் விடுமுறை, திங்கட்கிழமை காலை எத்தனை மணிக்குத் திறப்போம் என்பது தெளிவாக இருக்கட்டும். மாதச் சாமான் போகும் முதல் பத்து நாட்களைத் தவிர்த்து, மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்கும் தேதியையும், செக் வரும் தேதியையும் பார்த்துக்கொள்ளவும். பால், தயிர், ரொட்டி, முட்டை ஆகியவற்றைப் புதன்கிழமை முதலே குறைத்து வாங்கவும். லைனுக்கு வரும் சேல்ஸ்மேன்களிடம் சொல்லிவிடவும். அரிசி மூட்டைகளைச் சுவரை விட்டு நகர்த்தி வைத்தால் எலித் தொல்லை குறையும். ரொக்கத்தை வங்கியில் கட்டிவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவும். அவர் போகும்போது நாம் பார்த்துக்கொள்வோம். வேலையாளின் மூன்று நாள் சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம்.

செலவுக்கும் வழி உண்டு. கல்லாவிலிருந்து நாளொன்றுக்கு 100 ரூபாய் தனியே எடுத்து வைத்தால், நூறு நாளில் 10,000 ரூபாய் சேரும். சீட்டுக்குக் கட்டுவது போல இதையும் தவறாமல் எடுத்து வைக்க வேண்டும். ரயிலில் இப்போது 60 நாள் முன்னதாகவே முன்பதிவு செய்யலாம். சென்னையிலிருந்து இரவு வண்டியில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். கோவை அன்பர்களுக்கு நான்கு, ஐந்து மணி நேரப் பயணம்தான்.

முதல் நாள்

எர்ணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குச் சாலை வழியும் உண்டு. படகில் போவதே அழகு. பழைய அரசுப் படகும் உண்டு. 2023-இல் தொடங்கப்பட்ட, மின்கலத்தால் ஓடும் நீர் மெட்ரோவும் உண்டு. கட்டணம் இரண்டிலும் குறைவே.

கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1503-இல் இங்கே மரத்தால் கோவில் கட்டினர். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிற்பாடு உடலைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அவர் கடல் கடந்து வந்தது எதற்காக? நம் கடையில் தகர டப்பாவில் கிடக்கும் மிளகுக்காக! அவருக்கு வெகுகாலம் முன்பே யவனர்கள் பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போன செய்தி அகநானூற்றில் இருக்கிறது.

மாலையில் சீன வலைகளின் அருகே உட்காரலாம். பெரிய கற்களை எடைக்குக் கட்டி, பலர் சேர்ந்து கயிறு இழுத்து, வலையைக் கடலில் இறக்கி ஏற்றுவார்கள். சில முறை வலை கொஞ்சம் மீனோடுதான் மேலே வரும். உடனே மறுபடி இறக்குவார்கள். வியாபாரம் மந்தமான நாளில் நாமும் அப்படித்தானே காத்திருக்கிறோம்!

இரண்டாம் நாள்

சனிக்கிழமை மட்டாஞ்சேரி. பஜார் ரோட்டில் பழைய கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு வாசனை தெருவிலேயே வரும். மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமையே ஏற்றது. இங்கே ஒரு நிபந்தனை: இது கொள்முதல் பயணம் அல்ல. வீட்டுக்கு ஒரு கிலோ மிளகு வாங்கினால் போதும். மூட்டை விலை பேச ஆரம்பித்தால் விடுமுறை அங்கேயே முடிந்தது. அந்த ஒரு கிலோவையும் துணைவியாரே தேர்ந்தெடுக்கட்டும். நல்ல மிளகு தண்ணீரில் அமிழும். பொக்கு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். இது நமக்குத் தெரியும். ஆனால் அம்மியிலும் மிக்சியிலும் அதைப் பொடித்துப் பார்த்த கை அவருடையது.

அருகிலேயே மட்டாஞ்சேரி அரண்மனை. போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்ததை, பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்தார்கள். சுவர்களில் ராமாயண ஓவியங்களை நின்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்ளவும்.

மூன்றாம் நாள்

அரண்மனையை ஒட்டிய யூதத் தெருவின் கோடியில் பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1568-இல் கட்டப்பட்டது. தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல ஓடுகள். மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடத்திய வணிகர் சங்கத்தின் கட்டடமும் இதே தெருவில்தான்.

இந்தத் தொழுகைக்கூடத்தைச் சனிக்கிழமை பார்க்க முடியாது. அதனால்தான் ஞாயிறு என்கிறோம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை சூரியன் மறையும் வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். அன்று வாங்கலும் இல்லை, விற்றலும் இல்லை. வாசனைப் பொருள் வணிகத்தில் பேர் பெற்ற குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. பக்கத்துத் தெருவில் போட்டிக் கடைகள் திறந்திருந்த அந்த நாளில் இவர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். 1948-இல் இஸ்ரேல் அமைந்த பிறகு பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். அதுவரை பல நூற்றாண்டுகள் இந்த ஓய்வு நாளோடுதான் அவர்கள் வியாபாரம் நடந்தது.

வாரத்தில் ஒரு நாள் அடைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்தார்கள். வருடத்தில் மூன்று நாள் அடைக்க நமக்கு ஏன் தயக்கம்?

ஞாயிறு மாலை படகில் எர்ணாகுளம் திரும்பி, மரைன் டிரைவில் காற்று வாங்கிவிட்டு இரவு வண்டி ஏறலாம். இந்த மூன்று நாளும் கைபேசியில் கடை விவகாரத்தை இரவு ஒரு முறை மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள்ளவும். துணைவியாரை இழந்த அன்பர்கள் தாயாரையோ மகளையோ அழைத்துப் போகலாம்.

சரக்கு இருப்பை மாதம் ஒரு முறை பார்க்கிறோம். நமக்காக உழைத்தவரோடு உட்கார்ந்து பேசும் நேரம் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. முழங்கால் வலி வருமுன், படகில் ஏற இறங்க முடியும்போதே, தேதியைக் குறித்துவிட வேண்டும். அதைத் துணைவியாரையே குறிக்கச் சொல்லுங்கள்.