337 வீடுகளுக்கு அளவு கொடுத்த ஆறடி மனிதன்!

பிரான்சு நாட்டில் மார்சேய் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பல மாடிக் கட்டிடம் நிற்கிறது. அதில் 337 வீடுகள்! அவற்றின் அளவுகள் எதிலிருந்து எடுக்கப்பட்டன தெரியுமா? ஒரு மனிதனின் உடம்பிலிருந்து!

இரண்டாவது உலகப் போர் 1945-ல் முடிந்தது. பிரான்சில் ஏராளமான வீடுகள் இடிந்து கிடந்தன. குடும்பங்கள் தங்க இடமின்றித் தவித்தன. இடத்தை வீணாக்காமல் வீடு கட்ட வேண்டும். ஆனால் அது கூண்டு போல இருக்கக்கூடாது. என்ன செய்வது?

லெ கொர்புசியே என்ற கட்டிடக்கலை நிபுணர் ஒரு வழி கண்டார். நம் நாட்டின் சண்டிகார் நகரத்துக்குத் திட்டம் வகுத்தவரும் இவர்தான்.

தங்க விகிதம்

ஒரு கோட்டை இரண்டு துண்டாக வெட்டுங்கள். சிறிய துண்டைப் போல் பெரிய துண்டு எத்தனை மடங்கோ, பெரிய துண்டைப் போல் முழுக் கோடும் அத்தனை மடங்கு இருக்க வேண்டும். இதுவே தங்க விகிதம். அந்த மடங்கு ஏறக்குறைய 1.618. கிரேக்க கணித மேதை யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தார்.

லெ கொர்புசியே இதை மனித உடம்பில் பொருத்தினார். அவர் எடுத்துக்கொண்ட மனிதனின் உயரம் 6 அடி. அதாவது 183 சென்டிமீட்டர். தரையிலிருந்து தொப்புள் வரை 113. தொப்புளிலிருந்து உச்சந்தலை வரை 70. கையைத் தூக்கினால் தலைக்கு மேலே 43, மொத்தம் 226.

43-ம் 70-ம் சேர்ந்தால் 113. 70-ம் 113-ம் சேர்ந்தால் 183. என்ன பொருத்தம்! இந்த அளவு முறைக்கு 'மாடுலர்' என்று பெயரிட்டார்.

மார்சேய் கட்டிடம் 1952-ல் திறக்கப்பட்டது. பல அறைகளின் உயரம் 226 சென்டிமீட்டர். குழந்தைகள் அறையின் அகலம் 183. கை தூக்கிய மனிதனின் உருவமும் கட்டிடத்தில் கான்கிரீட்டில் பதிக்கப்பட்டது.

பெண்ணின் உயரம் எங்கே?

ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஆறடி ஆண்களா? பெண்களும் குழந்தைகளும் இல்லையா?

முதலில் அவர் 175 சென்டிமீட்டர் மனிதனைத்தான் எடுத்திருந்தார். அடி, அங்குலக் கணக்குக்கு 6 அடி வசதியாக இருந்தது. உடனே மனிதன் 8 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான்! கணக்குக்காக மனிதனே மாற்றப்பட்டான்.

அந்தக் கட்டிடத்தை 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றும் அங்கே குடும்பங்கள் வசிக்கின்றன.

வீடு கட்டக் கணக்கு வேண்டும். அதோடு, அதில் குடியிருக்கப் போகிறவர்களின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்!