ரெனுவார் தீட்டிய சிவப்பு

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883இல் மேடம் லியோன் கிளாபிஸோன் என்ற பெண்மணியை வரைந்தார். சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் அந்த ஓவியத்தின் பின்னணி, நீலமும் சாம்பலும் கலந்து சற்றுச் சோகை பிடித்தாற்போல் இருக்கும். பராமரிப்பு நிபுணர்கள் சட்டத்தைக் கழற்றினார்கள். சட்டம் மூடியிருந்த ஓரத்தில் மட்டும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு!

அது என்ன சாயம் என்று கண்டுபிடிக்கக் கைகொடுத்தது 1928இல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல். கண்ணுக்குத் தெரியாத அளவு வண்ணத்துணுக்கை எடுத்து, நுண்ணிய வெள்ளித் துகள்களோடு சேர்த்து லேசர் பாய்ச்சினால், அந்தச் சாயத்துக்கே உரிய மங்கலான சிதறலும் பல மடங்கு பெருகித் தெரியும். கிடைத்த விடை: கார்மைன்.

கார்மைன் ஒரு பூச்சியின் சிவப்பு. மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளியில் அப்பிக்கிடக்கும் கோச்சினீல் பெண்பூச்சிகளைப் பொறுக்கி, காயவைத்துப் பொடித்து, சாயத்தைப் படிகாரத்தோடு சேர்த்துப் படியவைப்பார்கள். ஸ்பெயின் இதில் கொழுத்த லாபம் பார்த்தது. அந்த ஆசையில் கிழக்கிந்தியக் கம்பெனி நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டது. உயர்ந்த ரகப் பூச்சிதான் கிடைக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த சிவப்பு ஏன் நிலைக்கவில்லை? ஒரு பொருள் சிவப்பாகத் தெரிகிறதென்றால் நீல, பச்சை ஒளியை அது விழுங்கிக்கொள்கிறது என்று பொருள். விழுங்கிய ஆற்றலே சாய மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. உடைந்தபின் நிறமும் போய்விடும். காவிக்கல் அப்படியல்ல. அது இரும்பு ஆக்சைடு, வெளிச்சத்துக்கு அசராது. ஸ்பெயினின் அல்தமிரா குகையில் காவியால் தீட்டிய காட்டெருமைகள் 10,000 ஆண்டுகளைத் தாண்டியும் சிவந்தே நிற்கின்றன.

வான்கோவும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். 1888இல் அவர் தீட்டிய படுக்கையறையின் சுவர்கள் அன்று வெளிர் ஊதா. கலந்திருந்த சிவப்பு மறைந்துபோய், இன்று நாம் பார்ப்பது வெறும் நீலச் சுவர்கள்.

ரெனுவாரின் ஓவியத்தின்மேல் சிகாகோவில் யாரும் புதுச்சிவப்பு பூசவில்லை. பழைய நிறத்தைக் கணினியில் மீட்டு, 2014இல் அசலோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கணினிப் படத்தின் சிவப்பு தப்பென்று நாளை தெரியவந்தால் திருத்திவிடலாம். கித்தானில் பூசிவிட்டால் அடியிலுள்ளது ரெனுவாரின் கைவண்ணமாயிற்றே.